ஒன்பது வாட்ஸ் அம்மன்

எலெக்ட்ரீசியன் காத்தவராயனுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்தது அவன்தான். இரண்டு, இந்த முப்பது வருஷத்தில் அவன் வேலை செய்த எந்த வீட்டிலும் ஒருத்தருக்கும் ஷாக் அடித்ததில்லை. இந்த இரண்டாவது பெருமையை டீ வருவதற்குள் ஒரு தடவையும் வந்த பிறகு ஒரு தடவையும் சொல்லிவிடுவான். "நான் போட்ட சுவிட்சு. ஆஃப்னா ஆஃப்தான். சின்னப் புள்ள ஹோல்டர்ல வெரல வுட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்பான். கேட்டுக் கேட்டுத் தெருவே அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

எல்.இ.டி. பல்பு வந்த புதிதில் அதை அவன் திட்டாத திட்டில்லை. பிளாஸ்டிக் கொட்டாங்கச்சி என்றான், கண்ணுக்கு ஆகாது என்றான். கடைவீதியில் மொத்த வியாபாரி ஒருத்தர் ஒரு பெட்டி பல்பைத் தூக்கிக் கொடுத்து, விற்றுத் தந்தால் கமிஷன் என்றதும் அதே பல்பு அருமையான பல்பாகிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினான். "இன்னுமா குண்டு பல்பு வச்சிருக்கீங்க?" என்று, ஏதோ வீட்டில் மாட்டுவண்டி கட்டி வைத்திருப்பவரைக் கேட்பதுபோல் கேட்டான்.

அப்படித்தான் ராஜம்மாள் வீட்டுக்கும் போனான். ராஜம்மாளின் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை பீங்கான் ஹோல்டரும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் யூனிட் வைத்திருந்தார். அவர் செய்த பீங்கான் ஊர் ஊராகப் போயிற்று; அவர் வீட்டுச் சாமி ரூமில் மட்டும் பித்தளை ஹோல்டர். "கக்கூசுக்கும் பீங்கான், சாமிக்கும் பீங்கானா?" என்று அந்த அம்மாள் வீடு கட்டும்போதே கேட்டுவிட்டாள். அந்தப் பித்தளை ஹோல்டரில் ஒன்பது வாட்ஸ் பல்பு ஒன்றை மாட்டிவிட்டு, முதல் போணி நல்ல வீட்டில் என்ற சந்தோஷத்தோடு காத்தவராயன் வந்துவிட்டான்.

மறுநாளே போன் வந்தது. "காத்தவராயா, ஒடனே வா. சாமி ரூமு பல்பு…" அதோடு அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள். ஒரே நாளில் ஃபியூஸ் போய்விட்டதா சனியன் என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

பல்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் இல்லாத சாமி ரூமில் கதவைச் சாத்தி, சுவிட்சை ஆஃபில் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள் ராஜம்மாள். பக்கத்து வீட்டுக் குருமூர்த்தி சார், முப்பத்திரண்டு வருஷம் சயின்ஸ் நடத்தி ரிட்டயர் ஆனவர், சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. எரிந்தது என்றால் பெரிதாக இல்லை. பழைய கைக்கடிகாரத்தின் முள் இருட்டில் தெரிவதுபோல, மங்கலாக, ஆனால் நிச்சயமாக.

"பெரியநாயகி அம்மனே வந்துட்டாடா" என்றாள் ராஜம்மாள்.

பார்த்த மாத்திரத்தில் காத்தவராயனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், விடிந்தால் கிரகப்பிரவேசம் என்ற அவசரத்தில், மெயின் போர்டில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான். சுவிட்ச் என்பது கரண்ட் வரும் ஒயரை வெட்ட வேண்டும். இந்த வீட்டில் அது திரும்பிப் போகும் ஒயரை வெட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு எரியும், அணையும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். குண்டு பல்பு அறுபது வாட்ஸ் தின்னும் ஆள். கசிகிற துளி அதன் பல்லிடுக்குக்குக்கூடப் போதாது. இந்த எல்.இ.டி.க்கோ அந்தத் துளியே விருந்து. இத்தனை வருஷம் மூடிக் கிடந்த தப்பை ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிட்டது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் குருமூர்த்தி முந்திக்கொண்டார். "கரண்ட் இல்லாம வெளிச்சம். சயின்ஸ்ல இதுக்கு எடமே இல்ல. நீயே சொல்லு காத்தவராயா, ஆஃப்ல இருக்கற சுவிட்சுல கரண்ட் போவுமா? அதுவும் நீ போட்ட சுவிட்சுல?"

முப்பது வருஷப் பெருமை குறுக்கே வந்து நின்றது. "போவாதுங்க சார்" என்றான்.

வீட்டுக்கு வந்து பொண்டாட்டி நீலாவதியிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அவள் பொம்மை யூனிட்டில் கலர் அடிப்பவள். எதற்கும் கை நடுங்காது. "சொல்லிட்டு? நாளைக்கு எவன் உன்ன வேலைக்குக் கூப்புடுவான்? கம்முனு கெட. பல்புதான, நாலு நாள்ல தானா பூடும்" என்றாள்.

பல்பு போகவில்லை. கூட்டம்தான் வந்தது. ஆட்டோவில் வந்தார்கள், பஸ் பிடித்து வேப்பூரிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: ஒயரிங்கில் கோளாறு ஏதும் இருக்குமோ? ராஜம்மாள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "காத்தவராயன் போட்ட ஒயரிங்குங்க."

அவனும் சும்மா இருக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒயரைத் திருப்பி மாட்டிவிடலாம் என்று ஒரு நாள் பையோடு போனான். "மெயின் ஃபியூஸ மாத்தணும்மா. அஞ்சு நிமிசம் கரண்ட நிறுத்திக்கறேன்."

"அம்மன் இருக்கற வூட்ல கரண்ட நிறுத்துவியா? நீ செஞ்ச வேலைக்கு ஒண்ணும் ஆவாது, போ. அத வுடு, மொத்த வூட்டுக்கும் இந்த பல்பே போட்டுடு. அவ எல்லா ரூமுலயும் இருக்கட்டும்" என்றாள்.

எல்லா ரூமிலும் என்றால் பாத்ரூமிலும்தான். அங்கேயும் சேர்ந்து மினுங்கினால் குட்டு உடைந்துவிடும். "பல்பு ஸ்டாக் இல்லம்மா. ஊர்லயே இல்ல" என்றான் காத்தவராயன். பையில் பதினாறு பல்பு இருந்தது.

ஆனால் குருமூர்த்தி இருக்கிறாரே, உதவி செய்யாமல் அவரால் இருக்க முடியாது. கடைவீதிக்குப் போய் ஒரு பல்பு வாங்கி வந்து, போயும் போயும் பாத்ரூமில் கொண்டுபோய் மாட்டினார். அதுவும் ஆஃபில் எரிந்தது. செய்தி கேட்டதும் காத்தவராயனுக்குப் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது. அப்பாடா, பாத்ரூமில் எந்த அம்மன் வருவாள், இனி அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தான்.

நினைப்பு! வெள்ளிக்கிழமை காலையில் டீக்கடையில் குருமூர்த்தி வந்து சொன்னார்: "அந்தம்மாவுக்கு என்னா புத்திங்கற. குளிக்கற எடத்துல அம்மன் வந்து நிக்கறான்னா என்னா அர்த்தம்? வந்து பதினஞ்சு நாளு ஆவுது, ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனோமான்னு ஒரே அழுவ. இன்னைக்கு அபிஷேகம். சாமி ரூமு பல்பக் கழட்டித் தாம்பாளத்துல வச்சிப் பாலு, பன்னீரு, சந்தனம். அப்பறம் அந்தம்மா கையாலயே திரும்ப மாட்டறாங்க."

"ஈரக் கையோடயா?"

"அதனால என்னா? சுவிட்சு ஆஃப்லதான இருக்குது. நீ போட்ட சுவிட்சு" என்று அவன் தோளில் தட்டினார் குருமூர்த்தி.

டீ கிளாஸை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. செருப்பு ஒன்று கழன்றது, அதையும் விட்டுவிட்டு ஓடினான். ஈரக் கை. பித்தளை ஹோல்டர். அதில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிற கரண்ட். பெயர் போனால் போகட்டும், கடவுளே, அந்த அம்மாள் செத்துப்போகக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினான்.

வீட்டுக்குள் முப்பது பெண்கள் இருந்தார்கள். சாமி ரூமில் ஸ்டூலின்மேல் ராஜம்மாள் ஏறி நின்றாள். பாலும் சந்தனமும் சொட்டும் பல்பு அவள் வலது கையில், இடது கை ஹோல்டரைப் பிடிக்க மேலே போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தைத் தாண்டி அவளிடம் போக நேரமில்லை. வாசல் பக்கத்து மெயின் போர்டில் பாய்ந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் சுவரில் போய் மோதிக்கொண்டான். ஃபேன்கள் நின்றன. கையில் இருந்த பீங்கான் ராஜம்மாளின் வீட்டுக்காரர் யூனிட்டில் செய்தது.

"அபிஷேகத்துல எவன்டா கரண்ட நிறுத்தனது?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"நான்தாம்மா" என்று உள்ளே போனான். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். "அது அம்மன் இல்லம்மா, என் தப்பு. கிரகப்பிரவேசத்துக்கு மொத நாளு அவசரத்துல ரெண்டு ஒயர மாத்திக் குடுத்துட்டன். சுவிட்சு ஆஃப்ல இருந்தாலும் ஹோல்டர்ல கரண்டு இருக்குது. இப்ப தொட்டிருந்தீங்கன்னா போய்ச் சேந்திருப்பீங்க. தெரிஞ்சும் பதினஞ்சு நாளா வாயத் தொறக்காம இருந்தன். என்ன செருப்பால அடிங்க." சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்படியே போய்ப் போர்டைக் கழற்றி இரண்டு ஒயரையும் இடம் மாற்றி, ஃபியூஸ் கட்டையைத் திரும்பச் செருகினான். பல்பைத் துடைத்து மாட்டி, சுவிட்சை ஆஃபில் வைத்து, கதவைச் சாத்தினான். கும்மிருட்டு. "பாத்தீங்களா? இதான் ஒழுங்கான வேலை" என்றான். அந்த நிலைமையிலும் அவன் குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

ராஜம்மாள் ஸ்டூலிலேயே உட்கார்ந்து விசும்பினாள். கூட்டம் அவனை அடிக்கப்போகிறது என்றுதான் அவன் நினைத்தான். அப்போது இருட்டுக்குள்ளிருந்து குருமூர்த்தி பாடம் நடத்தும் குரலில் பேசினார்.

"ஊர்ல எத்தனையோ எலெக்ட்ரீசியன் இருக்கறான். முப்பது வருசத்துல இவன் ஒரே ஒரு தப்புப் பண்ணியிருக்கறான். அத ஏன் இந்த வூட்ல வந்து பண்ணணும்? இவன் கையப் புடிச்சி அந்த ஒயர மாத்தி வச்சவ யாரு? இன்னைக்கு சரியான நேரத்துல ஓட வச்சவ யாரு?"

"ஆத்தா!" என்று முப்பது பேரும் பெருமூச்சு விட்டார்கள். ஒரு பெண்மணி முன்னால் வந்து காத்தவராயனின் வலது கையில் குங்குமம் வைத்தாள். ராஜம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போனது போவட்டும் தம்பி. மறுபடி அதே மாதிரி மாட்டிக் குடு. சத்தியமா நான் கையே வைக்க மாட்டன்" என்றாள். மாட்டேன் என்று கத்திவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் விடிந்ததும் அவன் வீட்டு வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். ஒயரிங்கில் ஏதாவது சந்தேகம் கேட்க வந்திருப்பார்கள், சமாதானம் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். முன்னால் நின்றவர் தேங்காய் பழத் தட்டை நீட்டினார். "எங்க வூட்லயும் அந்தத் தப்பப் பண்ணிக் குடுங்க."

"முப்பது வருசமா ஒழுங்கா வேல செஞ்சனே, அதுக்கு எவனாவது ஒரு தட்டு கொண்டாந்தீங்களாய்யா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி யாருக்கும் புரியவில்லை. ஏதோ அருள் வந்து பேசுகிறான் என்று இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தனை பேரையும் விரட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான். உண்மையை உண்மையாகவே எடுத்துக்கொண்ட ஒரே ஆள் வீட்டுக்குள் இருக்கிறாளே, அவளிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று நீலாவதியைத் தேடினான்.

அவள் சாமி மாடத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். ஜன்னலைச் சாத்திச் சேலையால் மூடியிருந்தாள். சுவிட்ச் ஆஃபில் இருந்தது. அவன் பையிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே மாட்டியிருந்த பல்பைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அணைந்துதான் கிடந்தது.

"ஏய்யா, ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் ஆத்தாவக் கொண்டாந்து வுட்டியே" என்றாள் அவனைத் திரும்பிப் பார்க்காமலே. "கட்டுன பொண்டாட்டி வூட்ல மட்டும் ஏன்யா இவ்ளோ ஒழுங்காப் பண்ணித் தொலச்ச?"