இழுத்துக் கட்டிய முகம்

பல் பிடுங்கப் போகிறேன் என்று மதுரைக்குப் போன ராமசுப்பிரமணியன், மூன்றாம் நாள் வீங்கிய முகத்தோடு காரிலிருந்து இறங்கினார். மிளகாய் வற்றலில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த ராக்கு எழுந்திருக்கவில்லை. புருசனை உட்கார்ந்தபடியே பார்த்தாள். தொங்கிக் கிடந்த கன்னங்கள் மேலே ஏறியிருந்தன. காதோரம் இரண்டு பக்கமும் சின்னப் பிளாஸ்திரி.

"பல்லக் காதுக்குள்ளயா பிடுங்குனாக?"

"சத்தம் போடாத." அவரால் வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. "சுருக்கத்த எடுக்குற வைத்தியம். கத்தி கிடையாது. ஊசி வழியா நூல விட்டு இழுத்திருக்காக. போகப்போக நூல் கரைஞ்சிரும். ரெண்டு வாரம் எதையும் கடிச்சுத் திங்கக்கூடாது."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. போன மாதம் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடும்போது, வாளியால் இறைத்து ஊற்றியவன் அவளிடம், "அப்பாவப் பிடிச்சுக்கம்மா, வழுக்கும்" என்று சொல்லிவிட்டான். பாம்பன் தாண்டி ஊர் வந்து சேரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அவளுக்கு உள்ளூர இனித்தது. அவருக்கு அறுபத்திரண்டு, அவளுக்கு நாற்பத்தைந்து.

அன்று மத்தியானம் ராக்கு நெஞ்செலும்புக் கறி வைத்தாள்.

"வேணும்னே செய்யுற" என்றார் அவர், தட்டைப் பார்த்து.

"அரிசி அடுப்படியில இருக்கு. கஞ்சி காச்சிக் குடிங்க."

எட்டாம் நாள் இடது கன்னத்தில் குழி விழுந்தது. உள்ளே நூல் தோலைக் கவ்விக்கொண்டது என்று டாக்டர் போனில் சொன்னார். வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாமாம். மகன் யோகேஸ்வரன் கல்யாணத்துக்குப் பத்தே நாள்தான் இருந்தது.

"ராக்கு, இங்கன வா. போட்டோல தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"உனக்காகத்தானடி செஞ்சேன். உன் பக்கத்துல கிழவனாத் தெரியக்கூடாதுன்னு."

"எனக்காகவா? பதினேழு வயசுல என்னைய மணவறையில உக்கார வச்சப்பவே கிழவனாத்தான் தெரிஞ்சீக. வேணாம்னு நான் அழுதது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

அவர் கண்ணாடியை எடுத்துக் கன்னத்துக் குழியைப் பார்த்தார்.

"விழுந்துச்சு. அன்னைக்கு வராத வெக்கம், எவனோ தண்ணி ஊத்துறவன் சொன்னதும் வந்துருச்சாக்கும்?"

"வாய மூடுடி!" என்று கத்தியவர் வலி தாங்காமல் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். அவள் வெளியே போய்விட்டாள்.

மறுநாளே மதுரைக்குப் போய் அந்த நூலை எடுத்தார். இடது கன்னம் பழையபடி இறங்கிவிட்டது; வலது கன்னம் மட்டும் ஏறியே நின்றது. கல்யாணத்தன்று போட்டோக்காரர் பெற்றோரை ஜோடியாக நிற்கச் சொன்னபோது, ராக்கு நகர்ந்து மருமகளுக்கு அந்தப் பக்கம் போனாள்.

"நான் இங்கன நிக்கேன். எடுங்க தம்பி."

சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமசுப்பிரமணியன் வலது கன்னத்தைக் கேமராப் பக்கம் திருப்பிக்கொண்டு மறுகோடியில் தனியாக நின்றார்.