ஆறாம் கல்லின் ஈயம்

பூமிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் ஒருவனும் இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களோ அங்கேயே குடியிருந்து வந்தவர்கள் மாதிரிப் பேசுவார்கள். நான் அங்கே கல் உடைப்பவன். என் மருமகள் அங்கே ஆராய்ச்சிக்காரி. வீட்டில் எனக்குச் சாப்பாடு போடுகிறவளே வேலையில் எனக்கு அதிகாரி. தலையெழுத்து.

எரிமலைத் தீவு ஒன்றிலிருந்து ஆறு கல் வந்தது. இயந்திரத்தில் நொறுக்கிக் கொடுத்தேன். ஈயத்திலேயே எடை கூடினது, குறைந்தது என்று வகைகள் உண்டாம். எது எத்தனை பங்கு என்று அளந்தால் கல்லின் பூர்வீகம் தெரியுமாம். ஐந்து கல்லுக்கும் ஒரே ஜாதகம். ஆறாவது மட்டும் தனி.

"மாமா, இது பழைய கடல்தரை! ஆழத்துல முங்கி, கோடிக்கணக்கான வருஷம் கழிச்சு எரிமலை வழியா மேல வந்திருக்கு!"

"நீ கூடவே போயிட்டு வந்தியாக்கும்."

அவள் வேலை நிரந்தரமாவது இந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது. இயக்குநர் வந்து கைகுலுக்கினார்.  ஆறாம் கல்லைப் போடுவதற்கு முன்னால், இயந்திரத்துப் புனலின் விரிசலை ஈயம் காய்ச்சி அடைத்தவன் நான். அந்த ஈயம் பொடியில் கலந்திருந்தால் அளந்ததெல்லாம் பொய்.

ஊரையே பொய்யன் என்று ஏசிய வாய், மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். மருமகள் முகத்தில் ஈயாடவில்லை. இயக்குநர் குதித்தார்.

"யாரைக் கேட்டுய்யா ஈயம் வெச்சே? கல்லு பூரா பொடியாயிடுச்சே!"

"பூரா இல்ல. பாதி என் டப்பாவுல இருக்கு."

வருகிற கல்லிலெல்லாம் பாதியை ஒதுக்கிவைப்பது என் வழக்கம். இவர்கள் தொலைத்துவிட்டு என் தலையில் கட்டினால்? போன வருடம் இதற்காகவே எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவர் இதே இயக்குநர்.

மருமகள் அந்தப் பாதியைக் கல்வத்திலிட்டுக் கையாலேயே அரைத்தாள். நான்கு நாள் சாப்பாட்டில் உப்பில்லை. ஐந்தாம் நாள் ஓடிவந்தாள்.

"அதே எண்ணுதான்! உங்க ஒட்டு உதிரவே இல்ல மாமா. கல்லே அப்படித்தான்!"

கட்டுரை அச்சானது, வேலையும் நிரந்தரமானது. 'எமது ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு கல்லிலும் பாதி தனியே காக்கப்படுகிறது' என்று இயக்குநர் அதில் எழுதியிருந்தார். மருமகள் படித்துக் காட்டினாள்.

"இப்பவாவது நம்புறீங்களா?"

"கடல்தரை முங்கினப்ப நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்புறமென்ன?"

சிரித்துக்கொண்டே, அந்த டப்பாவை இனி தன் அலமாரியில் பூட்டிவைக்க இயக்குநர் கேட்கிறார் என்றாள்.

கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் இரண்டாக உடைத்து, ஒரு பாதியை எடுத்துக்கொண்டேன்.