எந்தத் தண்ணீர் என்று எழுதாத பக்கம்

1

இந்தக் கதை என் நாட்குறிப்பின் செவ்வாய்க்கிழமைப் பக்கத்திலிருந்து வந்தது. பெரம்பலூரில் நான் போகும் மாலை வகுப்பில் ஜானகி டீச்சர் சொன்னார்: "ஒரு பக்கத்தை எடுத்துக் கதையாக்குங்க. பொய் சேக்கலாம். எதுக்குச் சேக்குறோம்னு தெரிஞ்சு சேத்துக்குங்க."

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

சகாய பிரியா அமிலத்தின் முன் அமைதியாக நின்றாள். [பொய். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இருமினாள்.]

அரியலூர் வெயிலில்... [வேண்டாம். எல்லோரும் வெயிலில்தான் தொடங்குகிறார்கள்.]

எல்லாத் தவறும் வீரமுத்துவிடம் தொடங்கியது.

மூன்றாவது நன்றாக இருந்தது. வைத்துக்கொண்டேன்.

2

அரியலூர் சாலையில் இராமலிங்கத்தின் பட்டறை. ஆலைகள் கழித்துப்போட்ட மின் சுவிட்சுகள் அங்கே மூட்டை மூட்டையாக வரும். வீரமுத்து அவற்றைப் பிரித்து, உள்ளே உளுந்தளவு ஒட்டியிருக்கும் வெள்ளிப் பாயிண்டுகளைப் பெயர்த்தெடுப்பார். பிரியா தரம் பிரிப்பவள். அவளுக்கு வெள்ளியைச் சுத்தம் செய்யும் மேசைமேல் கண்.

"இருநூறு கிராம் பாயிண்ட் தரேன். சனிக்கிழமை நூத்தம்பது கிராம் வெள்ளியாக் குடு, மேசை உன்னுது. இல்லேன்னா திருச்சியிலேர்ந்து ஆள் வரும்," என்றார் இராமலிங்கம்.

பிரியா அவற்றை அமிலத்தில் கரைத்தாள். நேரம், சூடு, எடை எல்லாம் நோட்டில் ஏறின. அடுத்து, உப்பே இல்லாத பேட்டரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். கேன் காலி. வீரமுத்து ஆழ்குழாய்க் கிணற்றின் போர் தண்ணீரை ஊற்றினார். கரைசல் மோராய் வெளுத்தது. கெட்டுப்போச்சு என்று கழிவு டிரம்மில் கொட்டினார்.

3

சாப்பாட்டு வேளையில் வீரமுத்து இதைப் படித்தார்.

"நான் எப்ப ஊத்துனேன்?"

"கதைண்ணே."

"கதையில உனக்கு மேசை, எனக்கு அசட்டுத்தனமா?"

"பேரை மாத்திடறேன்."

"பட்டறையில இருக்கறது நாம ரெண்டே பேரு. எந்தப் பேரு வச்சாலும் மொதலாளி என்னத்தான் புடிப்பாரு."

4

திருத்தம். ஊற்றியது பிரியா. கொட்டியதும் பிரியா. அவள் பெயரும் என் பெயரும் ஒன்றே. நோட்டில் 'தண்ணீர்: நான்கு லிட்டர்' என்று இருக்கிறது. எந்தத் தண்ணீர் என்று இல்லை.

[இடையில் ஒன்று: போர் தண்ணீரில் உள்ள உப்பு வெள்ளியைப் பிடித்து வெண்மையாகத் திரளவைக்கும். நான் கெட்டதென்று கொட்டியது வெள்ளியை. அமிலம் சாக்கடைக்குப் போகக்கூடாது என்பதால் டிரம்மில் சுண்ணாம்புக்கல் தூள் போட்டிருப்போம். மீதி வெள்ளியும் அதில்தான் படியும். இது எனக்கு வியாழக்கிழமைதான் உறைத்தது.]

வெள்ளிக்கிழமை காலை பிரியா போய் நின்றாள்.

"சார், வெள்ளி டிரம்முல இருக்கு. நாந்தான் கொட்டுனேன்."

இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "டிரம்முலயா? நல்லவேளை. தோண்டு. ஆனா சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான். வீரமுத்து, நீயும் கூடப் போ."

"அவ கொட்டுனதுக்கு நானா சார்?"

"ஏன், கதையில நீதானய்யா கொட்டுன?"

இந்தக் கதையையும் எழுதியிருந்த நோட்டை மேசையிலேயே விட்டுப்போயிருக்கிறேன். வீரமுத்து சிரித்த சிரிப்பில் பிரியா டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

5

சேற்றை அலசினார்கள், காயவைத்தார்கள், சலவைச் சோடாவும் வெண்காரமும் சேர்த்து உருக்கினார்கள். அச்சில் ஒரு வெள்ளிக் கட்டி.

ஒரு முடிவு: நூற்றைம்பத்திரண்டு கிராம். எல்லோரும் கைதட்டினார்கள். [சினிமா.]

இன்னொரு முடிவு: நூற்று முப்பத்தொன்று. திருச்சி பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி... [இதை எழுத எனக்குத் தைரியமில்லை.]

நான் ஒரு எண்ணைச் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். வீரமுத்து அண்ணன்மேல் பழி போட்டவளை எதற்கு நம்புவது? கட்டி ஆறிவிட்டது. தராசை அண்ணன் துடைத்து வைத்திருக்கிறார். இராமலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இந்தாருங்கள் இடுக்கி, நீங்களே எடுத்து வையுங்கள். நோட்டும் உங்களுக்கே. என் பங்கை எழுதிவிட்டேன்.

தண்ணீர்: நான்கு லிட்டர், போர் தண்ணீர். ஊற்றியது: சகாய பிரியா. கொட்டியது: சகாய பிரியா.

எடை: