மரவெட்டியை மேலே தூக்கிய ரம்பம்

மரவெட்டி முதன்முதலாகக் கூரை உயரத்துக்கு எழும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வெயில் சுமார், காற்று கிடையாது. கையில் இருந்தது அவருடைய பழைய செயின் ரம்பம். கயிற்றை இழுத்து ஓடவிட்டதும் ரம்பம் மேலே கிளம்பியது. அதை விட மனமில்லாமல் அவரும் கூடவே போனார். பெட்ரோல் தீர்ந்ததும் மெதுவாக இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.

எல்லாம் மச்சினன் செய்த வேலை. மனைவியின் தம்பியான அவன் தெருமுனையில் ரம்பம் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். அந்த ரம்பத்தைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டதால் செயின், அது சுற்றி ஓடும் நீளத் தகடான பார், அதை இழுக்கும் பல்சக்கரம் மூன்றையும் மூன்று செத்த ரம்பங்களிலிருந்து பிடுங்கி மாட்டினான். செயினின் கண்ணிகளை எண்ணிப் பார்த்தான், சரியாக இருந்தது. அவனைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. கண்ணிக்குக் கண்ணி உள்ள இடைவெளி சக்கரத்தின் பல்லோடு ஒத்துப்போகிறதா, செயினின் அடிப்பல் பாரின் விளிம்பில் ஓடும் பள்ளமான காடிக்குள் ஆடாமல் உட்காருகிறதா என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. அளப்பது தன்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்பது அவன் கட்சி. பொருந்தாத செயின் மரத்துக்குள் சரியாக இறங்காது. இறங்காத இழுப்பு எங்காவது போயாக வேண்டுமே, மேலே போனது.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். தடித்த மரத்தில் கீறல்கூட விழவில்லை என்றாலும் உச்சிக் கிளைகளைக் கழிக்க அந்த வெட்டு போதும். ஏணி வேண்டாத மரவெட்டி என்று பேச்சு பரவி வேலை குவிந்தது. மனைவி ஒரு கயிற்றின் நுனியை அவர் இடுப்பிலும் மறுநுனியைத் தன் இடுப்பிலும் கட்டி, கீழே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். குட்டி ஸ்வெட்டர், அவளுக்கு அப்போது நான்காம் மாதம். மாதம் ஏற ஏற அவள் இடுப்பைச் சுற்றவே பாதிக் கயிறு போயிற்று. மேலேயோ, செயின் சக்கரத்தின் பல்லைத் தின்று தீர்த்தது. பல் தேயத் தேய அவர் போகும் உயரம் கூடியது. ஒருநாள் புறாக்கூட்டம் அவர் காலுக்குக் கீழே பறந்தது. அவளுடைய குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. அன்றைக்குத்தான் அவள் பயந்தாள். அவரை இறக்கிய கையோடு பட்டறைக்குப் போனாள்.

"புள்ள பொறந்து அப்பா எங்கன்னு கேட்டா மேகத்தக் காட்டவாடா?"

"நான் எண்ணித்தான்க்கா மாட்டுனேன்."

"எண்ணுன, சரி. அளந்தியா?"

மச்சினன் ரோஷத்தில் புத்தம்புது செயினை வாங்கித் தேய்ந்த சக்கரத்திலேயே மாட்டினான். கயிறு கட்டாமல் ஓட்டிப்பார்த்த மரவெட்டி பொட்டாகத் தெரிகிற உயரத்துக்குப் போய், சாயங்காலம் அடுத்த தெருவில் இறங்கினார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவரை நடந்துபோய் அவரைக் கூட்டிவந்தாள். அதுதான் அவனை உலுக்கியது. போய் மயிரிழையையும் அளக்கிற வெர்னியர் ஒன்றை வாங்கினான், வெட்கத்தோடு அளந்தான். செயினின் அடிப்பல்லுக்கு ஏற்ற காடியுள்ள பாரை மாட்டியதும் மரவெட்டி ஜன்னல் உயரத்துக்கு இறங்கினார். சக்கரம்தான் கிடைக்கவில்லை. பட்டறை பட்டறையாக அலைந்து, கடைசியில் பழைய இரும்புக்கடையில், ரசீதுகள் பறக்காமலிருக்க வைத்திருந்த பல்சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்தான். செயினை அதன்மேல் வைத்தான். ஒவ்வொரு கண்ணியும் தானாக வந்து உட்கார்ந்தது. மூன்றையும் மாட்டி ஓடவிட்டபோது ரம்பம் தடித்த கட்டைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கட்டை இரண்டாகி விழ, மரவெட்டி நின்ற இடத்திலேயே நின்றார். முகத்தில் லேசான ஏமாற்றம்.

"மாமா, கால் தரையில இருக்கு!" என்று கத்தினான் மச்சினன். மனைவி கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த வாரம் பெண் குழந்தை பிறந்தது.

அந்தப் பெண் நடக்கத் தொடங்கியபோது தரைக்கு ஒரு சாண் மேலே நடந்தாள். பார்த்த மச்சினன் பதறிப்போய்ச் சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்தான்.

"அத உள்ள வைடா. இவ சரியாத்தான் இருக்கா," என்றாள் அக்கா. குட்டி ஸ்வெட்டரில் ஒரு நூலைக் கட்டி மறுநுனியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, மகளின் காலுக்கடியில் துடைப்பத்தை விட்டுக் கூடத்தைப் பெருக்கி முடித்தாள்.