ஒரு லாக்கு குறையுது

என் சமையலறை ஜன்னல் பக்கத்து வீட்டுக் கொட்டகையைப் பார்த்தபடி இருப்பதற்கு நான் பொறுப்பில்லை; கொத்தனார் பொறுப்பு. புகை போகத்தான் அதைத் திறக்கிறேன். திறந்தால் கண்ணும் கூடவே போய்விடுகிறது.

அந்தக் கொட்டகையில்தான் கண்ணாடிக்கடைக்காரர் மூன்று வாரமாக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினோடு மல்லுக்கட்டினார். மூக்குக்கண்ணாடிக் கடை. கடுகளவு ஸ்க்ரூவையும் இடுக்கியால் பிடித்து மாட்டிவிடுவார். அந்தப் பெருமையை மனைவியின் அண்ணனிடம் ஒருநாள் அளந்து தொலைத்தார். மறுவாரமே மச்சான் ஒரு துருக்குவியலை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

"பிரிச்சுப் பூட்டி வைங்க மாப்ள. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரிய பின்னால உக்கார வச்சு மலை ஏறணும்."

மச்சான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். எங்கள் தெருவில் அவருக்கு 'சைரன்' என்று பெயர். எதை ஓட்டினாலும் உள்ளே ஓர் உயிர் ஊசலாடுகிற மாதிரியே ஓட்டுவார், அது சைக்கிளாக இருந்தாலும்.

பிஸ்டன் சிலிண்டருக்குள் துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் ஊற்றிப் பன்னிரண்டு நாள் ஊறவைத்தார். அசையவில்லை. கொஞ்சிப் பார்த்தார், அதன் பரம்பரையையே திட்டிப் பார்த்தார். அப்புறம் தீ கக்கும் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து சூடுகாட்டத் தொடங்கினார். எண்ணெயில் ஊறிய இரும்பு, பக்கத்தில் நெருப்பு, அதற்கும் பக்கத்தில் என் சுவர். அன்றைக்கு ஒரு வாளி மணலைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் சமைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மரக்கட்டையை வைத்து அவர் அடித்த அடியில் 'ப்ளக்' என்று சிலிண்டர் கழன்று கையோடு வந்தது. மனுஷன் அதைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

கீழே எஞ்சினின் வயிறு வாயைப் பிளந்து நின்றது. அதில் எதுவும் விழுந்துவிடக்கூடாது என்று ஒரு துணியைத் திணித்தார். கடைப்பழக்கம், ஸ்க்ரூ தெறித்தால் துண்டில் விழட்டும் என்று கடையிலும் மடியில் துண்டு விரித்துத்தான் உட்காருவார். துணி எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்க்கவில்லை. அவர் மனைவி தையல்காரி.

"ஏங்க! இது அந்த டாக்டரம்மா கவுனோட லைனிங்! நாளைக்குக் குடுக்கணும்!" என்று ஓடிவந்தவள் அதை உருவிக்கொண்டு போனாள். அவர் சிரித்தார். வேறு துணி வைக்க மறந்தார்.

பிஸ்டனைக் கோர்த்திருக்கும் ஊசி கழன்றுவிடாமல் அதன் இரு முனையிலும் வாய்பிளந்த எஃகு வளையம் ஒவ்வொன்று இருக்கும். மோதிர அளவுதான். லாக்கு என்பார்கள். முதல் லாக்கு ஒழுங்காக வந்தது. இரண்டாவதை இடுக்கியால் நெம்பினார். 'டிங்' என்றது. காணோம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

கொட்டகையை இரண்டு பேரும் கூட்டினார்கள், சலித்தார்கள், தவழ்ந்தார்கள். கம்பியில் காந்தம் கட்டி எஞ்சினுக்குள் விட்டார். உள்ளே இருப்பதெல்லாமே இரும்பு; போன இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. கவிழ்த்து உலுக்கினார். சத்தமில்லை. அடியில் பழைய எண்ணெய் களிம்பாக உறைந்திருந்தது. அதில் புதைந்தது எப்படிச் சத்தம் போடும்?

முழுசாகப் பிளந்தால் தெரிந்துவிடும். ஆனால் பிளக்க, எஞ்சினுக்குள் சுழலும் சக்கரத்தின் மேலிருந்த பெரிய நட்டு கழல வேண்டும். அது பிஸ்டனைவிடப் பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றே நாள்.

சனிக்கிழமை காலை ஜன்னலைத் திறந்தேன். அவர் புது லாக்குப் போட்டுப் பிஸ்டனை மாட்டிக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் தையல்காரி என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஊசி இருந்தது, நூல் இல்லை.

"வெளியதான் தெறிச்சிருக்கும்னு சொல்றாரு அக்கா. உள்ள இருந்து, ஓடும்போது சக்கரத்துல சிக்கிச்சுன்னா?"

"சிக்கிச்சுன்னா?"

"எஞ்சின் அப்படியே இறுகிடுமாம். பின்சக்கரமும் நின்னுடுமாம். எங்கண்ணன் ஓட்டுற வேகத்துக்கு... பின்னால அண்ணி வேற." ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். "துணிய நான்தானே உருவினேன்? அக்கா, நீங்க எதுவும் பாத்தீங்களா?"

"நான் ஏம்மா பார்க்கப் போறேன்?" என்றேன். வாய்ப்பழக்கம். போன மாதம்தான் தெருவே கேட்க, அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கமே எனக்கில்லை என்று சத்தியம் செய்திருந்தேன்.

அவள் போய்விட்டாள். நான் பார்த்திருந்தேன். கேட்டும் இருந்தேன். சிமெண்டுத் தரையில் எஃகு விழுந்தால் இரண்டு மூன்று முறை குதிக்கும். இது ஒரே ஒரு 'டிங்', அதன் பின்னால் குடத்துக்குள் காசு விழுந்த மாதிரி ஒரு 'டொக்'. வியாழனிலிருந்து தெருவில் எந்த வண்டி உறுமினாலும் எனக்கு அந்த 'டொக்'தான் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அந்தக் கொட்டகைக்குப் போனேன்.

"தம்பி, பூட்டாதீங்க. அது உள்ளதான் போச்சு."

ஸ்பேனர் கீழே விழுந்தது. மூன்று முறை குதித்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல்ல நின்னேன்."

"எப்பலேர்ந்து?"

"ஜன்னல் வச்ச நாள்லேர்ந்து."

அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். மரப்பெட்டியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "எனக்கும் தெரியும்க்கா. 'டொக்'னு எனக்கும் கேட்டுச்சு."

தையல்காரி கதவருகில் நின்று அதைக் கேட்டாள். கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சைரன் மனைவியோடு வந்து இறங்கினார். கையில் இரண்டு புது ஹெல்மெட்.

"எங்க மாப்ள நம்ம குதிரை?"

கண்ணாடிக்கடைக்காரர் எஞ்சினுக்கு முன்னால் வந்து நின்றார். "ஓடாது மச்சான். உள்ள ஒரு லாக்கு கிடக்கு. மறைச்சுப் பூட்டப் பார்த்தேன்."

சைரன் ஹெல்மெட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் எதையும் மெதுவாகச் செய்து நான் பார்த்ததேயில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனரை எடுத்து, அதன் வாலில் குழாயைச் செருகி, "பிடிங்க" என்றார். இரண்டு பேரும் தொங்கினார்கள். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். தையல்காரி காதைப் பொத்திக்கொண்டாள். நட்டு கழன்றது.

மத்தியானத்துக்குள் எஞ்சின் இரண்டாகப் பிளந்தது. சக்கரத்தின் விளிம்போரக் களிம்பில் அது கிடந்தது. சைரன் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ரோட்டுலேர்ந்து எத்தனையோ பேரை அள்ளிட்டுப் போயிருக்கேன் மாப்ள," என்றார். "எதால விழுந்தாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல." அவர் மனைவி அந்த லாக்கை வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அவசரமில்ல," என்றார் சைரன் கடைசியில். "எப்ப முடியுதோ அப்பப் பூட்டுங்க."

தையல்காரி உள்ளே போய், வெள்ளிக்கிழமையே தைத்துக் கொடுத்திருக்க வேண்டிய டாக்டரம்மாவின் லைனிங்கை எடுத்துவந்தாள். எல்லோரும் பார்க்க அதை நாலாகக் கிழித்து, எஞ்சினில் திறந்திருந்த ஒவ்வொரு ஓட்டையிலும் திணித்தாள். டாக்டரம்மாவுக்கு என்ன பதில் சொன்னாள் என்று இன்னும் விசாரித்து முடிக்கவில்லை.

நேற்று மறுபடி லாக்குப் போடும் வேலை. கண்ணாடிக்கடைக்காரர் இடுக்கியோடு குனிந்தார். பிறகு நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இல்லையே," என்றேன்.

"சரி," என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.