பாறைக்குள் குடியிருந்தது

வியார்ட் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தபோது அவருடைய அக்கா அல்முத் எனக்குப் போன் செய்தார்.

"ஹாயோ, ஒரு நடை வந்துட்டுப் போ. வியார்ட் அவன் மீனையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போறான்."

குரலில் அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. இன்றைக்குத் தபால் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

எம்டன் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். இரண்டு ஓட்டல்கள், சில டாக்டர்களின் காத்திருப்பு அறைகள். மீதியெல்லாம் வியார்ட் மாதிரி வீட்டு ஆட்கள். கடலைத் தடுக்கும் அணைக்கரைக்கு அந்தப் பக்கம் சேறும் சாம்பல் நிறக் கடலும் கிடக்கும். இந்தப் பக்கம் தங்கள் வீட்டு அறையில் இருபத்தைந்து டிகிரி வெதுவெதுப்பில் பவளம் வளர்ப்பார்கள். அப்படி ஒரு கூட்டம் இங்கே உண்டு.

வியார்ட் துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே விடும் மதகில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் கீழ்த்தளத்தில், அக்கா மாடியில். பத்தொன்பது வருடம் முன்பு அந்தத் தொட்டியை வைத்துக்கொடுத்ததே நான்தான். இரண்டு மீட்டர் நீளம், அறுநூறு லிட்டர். பாறைகள் இந்தோனேசியாவிலிருந்து ஈரக் காகிதம் சுற்றி விமானத்தில் வந்தன. அது வெறும் கல் இல்லை. ஒவ்வொரு துளையிலும் ஏதோ ஒன்று குடியிருக்கும். அந்தச் சின்ன உயிர்கள்தான் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும். உப்பைக் கரைத்து, பாறையை அடுக்கி, ஒரு மீன்கூட இல்லாமல் ஆறு வாரம் காத்திருந்தோம். வியார்ட் அந்த ஆறு வாரமும் வேலை முடிந்து வந்து, வெறும் பாறையின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். வருடத்தில் நாலு தடவை நான் போவேன், பெரும்பாலும் தேநீருக்காக.

அக்டோபர் கடைசியில், மதகுக்குப் போகும் வழியில் சைக்கிளிலிருந்து விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அல்முத் முப்பது வருடம் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவர். எதையும் மில்லிமீட்டர் பிசகாமல் செய்வார். தம்பி சுவரில் ஒட்டிவைத்திருந்த தாளைப் பார்த்து, வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினார், கண்ணாடி துடைத்தார், நுரையோடு அழுக்குச் சேரும் கோப்பையைக் கழுவினார், இரண்டு வேளை தீனி போட்டார். நான் போய்ச் சோதித்தபோது தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. பவளங்கள் விரிந்து நின்றன. ஆனால் ஒன்பது மீன் இருந்த இடத்தில் நாலுதான் இருந்தன.

"செத்து மிதந்துச்சா?"

"இல்ல."

"வெளிய குதிச்சிருக்கும். சோபாவுக்கு அடியில பார்த்தீங்களா?"

"எனக்குக் கண்ணு இருக்குப்பா. காலைல வந்து பார்த்தா ஒண்ணு குறையும், அவ்வளவுதான். முள்ளுகூட இல்ல. அதுவும் வாங்கின வரிசையில போகுது. மூத்தது முதல்ல. முதல்ல அந்தப் பெரிய மஞ்சள். அப்புறம் அது கூடச் சண்டை போடுமே நீலம், அது." கோப்பையில் கல்கண்டைப் போட்டு, அதன்மேல் தேநீரை ஊற்றினார். கல்கண்டு வெடிக்கும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். "அவனோடது, அவன் எடுத்துக்கிறான். எனக்கு வருத்தமில்ல. ஆனா மிச்சத்தை எப்ப எடுப்பான்னு தெரிஞ்சா, நான் தீனி வாங்குறதை நிறுத்திக்குவேன்."

வேடிக்கையாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை.

"பாறைக்குள்ள ஏதோ இருக்கு, அல்முத். நண்டா இருக்கலாம், இறாலா இருக்கலாம். செத்தவங்க மீன் பிடிக்க வர்றதில்ல."

"பத்தொன்பது வருஷமா இல்லாத நண்டு அவன் செத்த மறுவாரம் வந்துடுச்சா?"

விளக்கு அணைந்த பிறகு உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்றேன்.

டிசம்பர் மாதம், நாலரைக்கே இருட்டிவிடும். ஐந்து மணிக்குத் தொட்டியின் விளக்கு தானாக அணையும். பாறையில் ஒளிந்திருக்கும் பிராணிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது என்பதால் டார்ச் முகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டேன். இருவரும் அறைக் கதவைச் சாத்தி, நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பம்பின் முனகல் தவிர வேறு சத்தமில்லை. அரைமணி நேரம் ஒன்றுமே அசையவில்லை.

"இதே நேரம்தான்," என்றார் அல்முத் தணிந்த குரலில். "தினமும் அஞ்சரைக்கு இந்தக் கதவைச் சாத்திக்குவான். உள்ள பேச்சுக் குரல் கேக்கும். கொஞ்சுற மாதிரி. அவன் யார்கிட்டயும் அப்படிப் பேசி நான் கேட்டதில்ல. ஒருத்தி இருக்கா, போன்ல பேசுறான்னு நெனச்சேன். எத்தனை வருஷம்! நான் கேக்கவே இல்ல. கேட்டா நிறுத்திடுவானோன்னு பயம்."

அவர் தொட்டியைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"அடக்கத்தன்னைக்கு தேவாலயத்துல எனக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி காலியா விட்டு வெச்சேன். அவ வந்தா உக்காரட்டும்னு. யாரும் வரல."

"என்ன பேசுவாரு?"

"முதல்ல மேஜையில தட்டுற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் 'வா... வா வா. இருக்கியா? வா,' அப்படீன்னு."

தம்பி எப்படித் தட்டுவார் என்று காட்டுவதற்காக அவர் கையை நீட்டினார். எட்டியது மேஜை இல்லை, தொட்டியின் கண்ணாடி. விரல் முட்டியால் மூன்று முறை தட்டினார். "வா. இருக்கியா? வா." குரல் அச்சாக வியார்டின் குரல் மாதிரியே இழுத்தது.

இடது ஓரத்துப் பாறையின் அடியில் மணல் அசைந்தது.

முதலில் வரி போட்ட ஐந்து உணர்கொம்புகள் தெரிந்தன, பூனை மீசைபோல. பிறகு ஒரு தலை. என் கட்டைவிரல் பருமன். பிறகு உடம்பு, வளையம் வளையமாக, வந்துகொண்டே இருந்தது. மழை ரோட்டில் சிந்திய எண்ணெய் மினுங்குமே, சிவப்பு வெளிச்சத்தையும் மீறி அப்படி ஒரு மினுக்கம். பாறையிலிருந்து ஒரு முழம் வெளியே வந்து, அல்முத்தின் விரல் பட்டிருந்த இடத்துக்கு நேராக, தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. தாடைகள் இரண்டு பக்கமும் அகன்று திறந்தன, கத்தரிக்கோலை விரித்த மாதிரி. அப்படியே காத்திருந்தது.

அல்முத் கண்ணாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. "நல்ல பல்லு," என்றார்.

அது ஒரு கடற்புழு. இந்தோனேசியப் பாறையின் ஏதோ ஒரு துளைக்குள் நூல்போல வந்திருக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக உள்ளேயே வளர்ந்திருக்கிறது. பசித்தால் மீனை ஒரே வெட்டில் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்; மிச்சம் வைக்காது.

"ப்ரீசர்ல சின்ன மீன் ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டேன்.

அவர் மெல்லத் திரும்பினார். "ரெண்டு பை. ஆத்து மீன். தூண்டிலுக்கு வெச்சிருக்கான்னு நெனச்சு தூக்கிப் போட்டுட்டேன்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வியார்ட் அதைப் பார்த்திருக்கிறார், என்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் பிடுங்கிப் போட்டிருப்பேன் என்று தெரியும். தினம் அஞ்சரைக்கு அழைத்து, கையால் தீனி கொடுத்திருக்கிறார். அவர் போன பிறகு அது சில நாள் காத்திருந்துவிட்டு, தொட்டியில் இருந்ததைத் தின்ன ஆரம்பித்திருக்கிறது. பெரியதாகப் பார்த்து முதலில். பழைய மீன்தான் பெரிய மீன்.

"அப்ப வேற யாரும் இல்ல," என்றார் அல்முத். தேவாலயத்தில் காலியாக விட்ட அந்த நாற்காலியைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். எட்டு வாளி, குழாய், இடுக்கி எல்லாம் கொண்டு போனேன். பவளங்களை அகற்றி, இடது ஓரப் பாறையைத் தூக்கினேன். பாதியில் நின்றது. பக்கத்துப் பாறையோடு ஏதோ அதைப் பிணைத்திருந்தது. எட்டிப் பார்த்தேன். புழுவின் உடம்புதான், விறைத்த கயிறுபோல ஒரு பாறையிலிருந்து அடுத்ததற்குப் போனது. அதிலிருந்து மூன்றாவதற்கு. தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எல்லாப் பாறைக்குள்ளும் அது கோத்துக் கிடந்தது. பத்தொன்பது வருடமாக நாங்கள் பாறை என்று பார்த்துக்கொண்டிருந்தது முழுக்க அதன் வீடு.

"வெட்டித்தான் எடுக்கணும்," என்றேன்.

"வெட்டினா செத்துடுமா?"

"சில துண்டு சாகும். சில துண்டு சாகாம இருந்தாலும் இருக்கும்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பல்லை இழைத்து இழைத்து இறுகிய விரல்கள். "கீழ வை, ஹாயோ. மெதுவா வை. மிச்ச மீனை நீ கொண்டு போ. நான் அதுக்குத் தீனி போட்டுக்கிறேன்."

மறுத்துப் பேசினேன். அது என்ன பிராணி, என்ன செய்யும், எல்லாம் சொன்னேன். அவர் துணியால் கை துடைத்துக்கொண்டு, கேட்டு முடித்துவிட்டு, "சரி, தேநீர் குடிக்கிறியா?" என்றார். மிச்சமிருந்த மீன்களை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி நடுவில் வடமேற்குப் புயல் வந்தது. மாலை நாலு மணிக்கு அணையோரத் தெருக்களில் மின்சாரம் போனது. மரங்கள் விழுந்து வழி அடைத்துவிட்டது. மின்சாரம் இல்லாவிட்டால் பம்பு நிற்கும், தண்ணீர் குளிரும், காற்று தீரும். என் போனை அல்முத் ஒரே ஒரு தடவை எடுத்தார்.

"ஜாடியால மொண்டு மேலயிருந்து ஊத்துங்க," என்றேன். "நிறுத்தாதீங்க. வெளிச்சம் வந்ததும் பேட்டரி பம்போட வர்றேன்."

"சரி, போனை வை. எனக்கு ரெண்டு கையும் வேணும்," என்றார்.

காலை எட்டரைக்குத்தான் போக முடிந்தது. கொல்லைக் கதவு திறந்திருந்தது. வீட்டுக்குள் என் மூச்சு புகையாகத் தெரிந்தது. "அல்முத்!" என்று கூப்பிட்டேன். "இங்கதான். கத்தாதே," என்று பதில் வந்தது.

தொட்டியை ஒட்டி ஒரு முக்காலியில், கோட்டும் தொப்பியும் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையில் ஜாடி. மொண்டு ஊற்றினார், மொண்டு ஊற்றினார். இடது கை முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்தது. ஜன்னலோரம் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. புழு பாறையைவிட்டு முழுசாக வெளியே வந்திருந்தது. இரண்டு மீட்டருக்குக் குறையாது. அதன் பாதி மணலில் கிடந்தது, மீதி அவர் கையைச் சுற்றியிருந்தது, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, துணி சுற்றின மாதிரி ஒழுங்காக. தலை அவர் கட்டைவிரலின் அடியில். தாடைகள் விரிந்து தோலின்மேல் பதிந்திருந்தன. மூடவில்லை.

"எப்ப இருந்து?"

"தெரியல. தண்ணி சில்லுன்னு ஆனப்ப வந்துச்சு. சூடா இருந்தது என் கை ஒண்ணுதான்." அவர் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "அதோட உடம்புல இருக்கிற முள்முடியெல்லாம் குத்துது. பரவாயில்ல. கடிக்கல. அது கடிக்கலாம்னா கடிச்சிருக்கும்."

"நான் எடுத்து விடுறேன்."

"தொடாதே." அவ்வளவு கடுமையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. "நீ பம்பைப் போடு."

பேட்டரி பம்பை மாட்டினேன். குமிழிகள் ஏற ஆரம்பித்தன. காரில் வெந்நீர் கொண்டு வந்திருந்தேன். பாட்டில்களில் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டேன். பதினொரு மணிக்கு மின்சாரம் வந்தது. தண்ணீர் மெல்லச் சூடேறியது. நண்பகல் தாண்டிய பிறகு அது ஒவ்வொரு சுற்றாகக் கையை விட்டது. அவசரமே இல்லை. கடைசியாகத் தாடையை எடுத்து, இடது ஓரப் பாறைக்கு அடியில் போய், வந்த வழியே உள்ளே நுழைந்தது. அது முழுக்க உள்ளே போக எட்டு நிமிடம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; வேறு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

கையை வெளியே எடுத்தபோது அது அவருடைய கைபோலவே இல்லை. வீங்கி, சிவந்து, கண்ணாடி இழைபோல அதன் முடிகள் ஆயிரம் குத்தி நின்றன. சுற்றியிருந்த தடம் தோலில் வரி வரியாகப் பதிந்திருந்தது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒட்டுநாடா வைத்து இழைகளை உரித்து எடுத்த டாக்டர், இது எப்படி நடந்தது என்று கேட்டார்.

"கள்ளிச் செடி," என்றார் அல்முத். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீக்கம் மூன்று வாரத்தில் வற்றியது. வரிகள் மட்டும் போகவில்லை. இப்போதும் செவ்வாய்க்கிழமை தோறும் போகிறேன். தண்ணீரைச் சோதிக்கிறேன், உப்பு சேர்க்கிறேன், பம்பைக் கழற்றிக் கழுவுகிறேன். அந்தத் தொட்டியில் மீன் கிடையாது. ஆனால் நான் பார்த்துக்கொள்ளும் தொட்டிகளில் பவளம் அவ்வளவு நன்றாக இருப்பது வேறெதிலும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், தோள்வரை வரும் தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தீனி கொடுக்கும்போது இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதை விரித்துப் பார்த்தார், தையலைத் தடவிப் பார்த்தார், நல்ல சரக்கு என்றார். பிறகு மடித்து என்னிடமே நீட்டினார்.

"நீ போட்டுக்கோ, ஹாயோ. உன்னை அதுக்குத் தெரியாது."