இருபத்துநாலாவது தலை

அலிமாவுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்துதான். சுற்றுலாப் படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வு. வாசுதேவநல்லூர் ஓய்வூதியர் சங்கத்து ஆட்கள் இருபத்துநாலு பேரைக் குற்றாலமும் தென்காசியும் சுற்றிக்காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும். மார்க் போட வந்திருந்த பெலிக்ஸ் மதுரையில் ஒரு டிராவல்ஸின் மேலாளர். தேறினால் அடுத்த மாதமே அவரிடம் வேலை. தேறாவிட்டால், அத்தா பேசி வைத்திருக்கிற ஜவுளிக்கடையில் பில் போட வேண்டியதுதான். "ஊர் சுத்திக் காட்டவும் ஒரு படிப்பாக்கும்?" என்று மூன்று வருஷமாகக் கேட்டு வருகிறவர் அவர்.

பெலிக்ஸ் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"தலபுராணத்தத் தப்பாச் சொன்னா ரெண்டு மார்க் கொறைப்பேன். தலை எண்ணிக்கை தப்புனா மொத்தமும் போச்சு."

பழைய குற்றாலத்தில் சாரல் பிய்த்து வாங்கியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று அருவிக்குள் புகுந்த பெரிசுகளை வெளியே இழுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பேரன் பேத்தி எடுத்தவர்கள் அங்கே போட்ட கூச்சலைக் கேட்டால் அந்தப் பேரன்களே வெட்கப்படுவார்கள். ஆனால் அலிமாவின் கண் தண்ணீர்மேலேயே இருந்தது. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் மெல்ல டீ நிறத்துக்கு மாறியது. கூடவே சருகு. மலைக்கு மேலே எங்கோ மழை கொட்டுகிறது.

"எல்லாரும் வெளிய வாங்க! உடனே வாங்க!"

அவள் கத்தி முடித்த பிறகுதான் போலீஸ் விசில் கேட்டது. பெலிக்ஸ் அதைக் கவனித்தார், லேசாகத் தலையாட்டினார். அலிமாவுக்கு உச்சி குளிர்ந்தது.

வேன் வாசலில் நின்று, ஏறுகிற ஒவ்வொருவரின் தோளையும் தொட்டு எண்ணினாள். பெண்கள் பதினொன்று. ஈரத்துண்டும் சொட்டுகிற தலையுமாக ஆண்கள் பதிமூன்று.

"இருபத்துநாலு சார். சரியா இருக்கு."

எண்ணிக்கைச் சோதனை இந்த அருவியோடு சரி என்று பெலிக்ஸ் மார்க் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார். வெண்ணெய் திரண்டு வந்துவிட்டது.

தாழி உடைந்தது அடுத்த நிமிஷம். ஈரத்துண்டுக்காரர்களில் ஒருவர் பின்னாலிருந்து எழுந்து வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். டிரைவர் மாடன். நாள்தோறும் வருகிற இடம்தான். ஆனாலும் அருவியைக் கண்டால் ஒரு முங்கு போடாமல் வண்டியை எடுக்கிற ஆள் இல்லை அவர். அவரையும் சேர்த்துத்தான் இருபத்துநாலு.

அலிமாவுக்கு உடனே புரிந்தது. யாரோ ஒருவர் இல்லை. வாயைத் திறந்தால் கையெழுத்து போய்விடும். கடைப்பக்கம்தான் நிற்பார், போன் போட்டு ஆட்டோவில் வரச்சொல்லலாம், யாருக்கும் தெரியாது. இப்படியும் நினைத்தாள், பாவம், இருபது வயசு.

நான்காவது வரிசையில் ஒரு சீட் காலி. அதன்மேல் மடித்த கைக்குட்டை, கைக்குட்டைக்குள் காது கேட்கும் மிஷின். அருமைநாயகம் ஐயா. தனி ஆளாக வந்தவர், குளிக்கப் போகையில் கழற்றி வைத்திருக்கிறார். விசில் ஊதினால் என்ன, சங்கு ஊதினால்தான் என்ன, அவர் காதில் விழாது.

"அண்ணாச்சி, எடுக்காதீங்க! சார், எண்ணிக்கை தப்பு. டிரைவரையும் சேத்து எண்ணிட்டேன்."

பதிலுக்கு நிற்காமல் ஓடினாள். அருவியடியில் போலீஸ்காரர்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஓடை இறங்கும் பக்கம் எட்டிப் பார்த்தாள். கீழே, பாறை மறைவில், அருவிக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்து, மனிதர் சாவகாசமாக வேட்டிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயா! ஐயா!" கத்திப் பயனில்லை. போலீஸ்காரருக்குக் கைகாட்டிவிட்டு இறங்கினாள். கணுக்கால், முழங்கால். சல்வார் காலோடு சுற்றிக்கொண்டு இழுத்தது. அருமைநாயகத்தின் கையைப் பிடித்து ஒரே இழுப்பு.

"ஏட்டி, என்ன பண்ணுத? என் சோப்பு!"

மேலிருந்து போலீஸ்காரர் கை கொடுத்தார். இருவரும் கரையேறித் திரும்பியபோது செங்காவித் தண்ணீர் இரைந்து வந்தது. துவைத்த பாறை போன இடம் தெரியவில்லை, வேட்டியும் போச்சு. கட்டிய துண்டோடு நின்ற அருமைநாயகம் அதைப் பார்த்தார். அப்புறம் சோப்பைப் பற்றிப் பேசவில்லை. வேன் வரைக்கும் அலிமாவின் மணிக்கட்டை விடவும் இல்லை.

பெலிக்ஸ் வாசலில் காத்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. அவள் கண் முன்னாலேயே போட்ட மார்க்கை அடித்தார், பக்கத்தில் பூஜ்யம் எழுதினார்.

"ஓடினதுக்கு மார்க் கிடையாதும்மா. ஓடும்படியா விட்டுட்ட. ரூல் ரூல்தான். போய் உக்காரு, மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

சரிதான். தப்பு அவளுடையது, அதுதான் அதிகமாக வலித்தது.

"இன்னும் தென்காசிக் கோயில் பாக்கி இருக்கு சார். என்னை நம்பி வந்தவுக. முடிச்சிட்டு உக்காருதேன்."

பெலிக்ஸ் வழி விட்டார். அவள் ஈரம் சொட்டச் சொட்ட வேனில் ஏறினாள்.

"போலாமா தாயி?" என்றார் மாடன்.

"இருங்க அண்ணாச்சி. எண்ணிக்கிடுதேன்."

மாடன் சட்டென்று ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டார்.

"என்னைய விட்டுட்டு எண்ணு."

வேனில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் முதல் சீட்டிலிருந்து தோள் தோளாகத் தொட ஆரம்பித்தாள். இருபத்துநாலு என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்துவிட்டது.